எந்தச் சின்னம்மா?

டாக்டர் சம்பூர்ணம் மெத்தப் படித்தவள்தான். ஒரே குடும்பத்துப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏன் தொடர்ந்து வருகிறது என்று, இந்தப் பக்கத்தில் யாரும் யோசிக்காத காலத்திலேயே தேடக் கிளம்பியவள். பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள்; அவள் அசரவில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் ஜவ்வாது மலையில் செந்தாமரை என்ற பெண், "எங்கம்மாவும் மார்ல கட்டி வந்துதான் செத்தாங்க, சின்னம்மாவும் அப்பிடித்தான்" என்று சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தாயும், தாயின் தங்கையும்! டில்லி மாநாட்டில் பேச இப்படி ஒரு குடும்பத்தைத்தானே தேடிக்கொண்டிருந்தாள்? செந்தாமரையின் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

அத்தோடு மலை இறங்கியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! செந்தாமரையைத் தன் மகனுக்குப் பரிசம் போட்டிருந்த செல்லியம்மாள் வந்து, "எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணுங்க. இன்னாத்துக்கு ரத்தம் எடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

"இது தாய்வழி ரத்தத்துலயே வர்ற நோய்மா" என்று பெருமையாக விளக்கினாள் சம்பூர்ணம்.

மாநாட்டுக்கு முந்தின மாதம் போளூரில் பஸ் பிடித்து மறுபடி வந்தாள். செந்தாமரையின் அப்பா ரங்கன் புளி உலுக்கிக்கொண்டிருந்தார். மரத்தை விட்டு இறங்கி வந்தாரே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உங்க மச்சினியோட கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? அவங்க ரத்தமும் வேணும்."

"எந்த மச்சினிங்க?"

"செத்துப்போனாங்களே, செந்தாமரையோட சின்னம்மா."

"அவ மச்சினி இல்லீங்க. நான் ரெண்டாவதா கட்டிக்கினவ. அமிர்திப் பக்கத்துப் பொண்ணு. மொத சம்சாரம் ஆலங்காயம் பக்கம். ரெண்டு பேருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

அடிப்பாவி! அம்மாவின் தங்கையும் சின்னம்மா, அப்பாவின் இரண்டாம் தாரமும் சின்னம்மா. வெள்ளைக்காரிக்குத் தெரியாமல் போகலாம், தமிழச்சிக்குமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் கிடைத்த குடும்பம் கைநழுவிவிடும் என்று உள்ளுக்குள் பயந்தாளோ என்னவோ. செல்லியம்மாளிடம் விளக்கியது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"செந்தாமரை கல்யாணம்?"

"நின்னு போச்சுங்க. ரத்தம் கெட்ட பொண்ணுன்ட்டாங்க."

சம்பூர்ணம் நேரே செல்லியம்மாள் வீட்டுக்கு ஓடினாள். செந்தாமரையும் பின்னாலேயே வந்தாள்.

"தப்பு என்னோடதும்மா. நான் ஆளை மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். இந்தப் பொண்ணு ரத்தத்துல குறைன்னு சொல்ல ஆதாரமே இல்ல. கல்யாணத்த நடத்துங்க."

"அன்னிக்கு இருக்குதுன்னீங்க, இன்னிக்கு இல்லன்றீங்க. எத நம்பறதுங்க?" என்றாள் செல்லியம்மாள்.

கொட்டிய வார்த்தையை அள்ளவா முடியும்? செந்தாமரை முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க டாக்டரம்மா. நல்லா பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க."

பார்த்துச் சொல்ல அப்போது உலகத்தில் ஒரு சோதனையும் கிடையாது. என்றைக்காவது உதவும் என்றுதான் எடுத்த ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்திருந்தாள். அதை இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

"அத பாத்துச் சொல்ல யாருக்கும் தெரியாதும்மா. எனக்கும் தெரியாது."

"அப்ப இன்னாத்துக்கு எடுத்தீங்க?" என்றாள் செந்தாமரை.