கணக்கில் வராத மிஷின்

2025 ஆகஸ்ட் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, செஞ்சி திருவண்ணாமலை சாலையில் உரக்கடை மாடியிலிருந்து அனந்தி தன் குழுவின் இணையக் கூட்டத்தில் சேர்ந்தாள். இலவச இயங்குதளம் ஒன்றைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் குழு அது. பழைய முப்பத்திரண்டு பிட் கணினிகளுக்கு இனி எந்தெந்த மென்பொருள்களைத் தயாரித்துத் தருவது என்று அன்று முடிவெடுக்க வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாத மென்பொருளை நீக்கிவிடுவது அவர்கள் வழக்கம்.

சென்னையிலிருந்து பேசிய இளவரசன் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். பிரவுசர் போயிற்று. வீடியோ பிளேயர் போயிற்று. திரையிலுள்ள தமிழை உரக்க வாசிக்கும் குரல் மென்பொருளை அந்த வகைக் கணினியில் ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை, இணையம் வழியே எடுத்த கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்றான்.

"நெட்டே இல்லாத மிஷினு எப்டிண்ணா கை தூக்கும்?" என்றாள் அனந்தி.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு தட்டச்சு செய்யும் மீனம்பாளுக்குப் பார்வை கிடையாது. அவர் கணினிக்கு இணையமும் கிடையாது. அனந்திதான் பென்டிரைவில் கொண்டுபோய் ஏற்றுவாள். இப்போதைய குரல், சர்வே எண்ணில் சாய்கோட்டுக்குப் பின்வரும் இலக்கத்தை விழுங்கிவிடுகிறது. அந்த இலக்கத்தில் விழுந்த தட்டச்சுப் பிழை காதில் படாமல் போன மனுக்கள் திரும்பி வந்தன. மனு எழுத வருபவர்கள் பக்கத்துக் கடைக்கு நகரத் தொடங்கியிருந்தார்கள். அதற்கான திருத்தம் இனி வரப்போகும் புதிய பதிப்பில்தான் இருந்தது.

அனந்தி இதைச் சொன்னதும், எல்லோரும் சேர்ந்து அவருக்குப் புதுக் கணினி வாங்கித் தரலாம் என்றான் இளவரசன். மறுநாள் அனந்தி அதைச் சொன்னபோது மீனம்பாள் தட்டச்சை நிறுத்தவில்லை.

"என் மிஷினு இன்னா செத்தா பூடுச்சி? தப்பா படிக்கறது அவுங்க குரலு. அத சரி பண்ணாம எனக்கு ஏன் பிச்ச போடறாங்க?"

பிரவுசர் இனி வராது என்று தயங்கிச் சொன்னாள் அனந்தி.

"படம் பாக்கவா வெச்சிருக்கேன்? பேசனா போதும் போ."

அன்றே குரலுக்குப் பொறுப்பாளராகத் தன் பெயரைப் போடச் சொல்லி எழுதினாள். இளவரசன் போனில் வந்தான். ஒரே ஒரு ஆளுக்காக வேலையைக் கெடுத்துக்கொள்வாயா என்று கேட்டான்.

"ஒரே ஆளுன்னு யாருண்ணா எண்ணுனது?"

பழுதானால் கேட்காமல் நீக்கிவிடுவேன் என்றான்.

"பழுதானா நான் பாத்துக்கறேன். நீங்க கை வெக்காதீங்க."

பழுதானது. ஆபீஸுக்கு லீவு போட்டுச் சரிசெய்தாள். மறுபடியும் பழுதானது. மறுபடியும் சரிசெய்தாள்.

செப்டம்பரில் புதிய பதிப்பு வெளியானது. பழைய கணினிகளுக்குப் பிரவுசர் இல்லை, வீடியோ பிளேயர் இல்லை. தமிழ்க் குரல் இருந்தது. அனந்தி அதைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஏற்றினாள். அந்த வாரம் அவலூர்பேட்டைக்காரர் ஒருவரின் பட்டா மனுவை மீனம்பாள் தட்டச்சு செய்து, காதால் கேட்டுச் சரிபார்த்துக் கொடுத்தார். மனு திரும்பி வரவில்லை.