நெருப்புக்கு முதுகு காட்டியவர்கள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது.

சண்டை எனக்கும் கோஹருக்கும். ஈரானின் யஸ்த் நகரில் நான் பல வருஷமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரி அவள். மாடியில் நான், கீழே அவள். ஜரதுஷ்டிரர் வழியில் நெருப்பைத் தொழும் குடும்பம். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் சொல்வதை நம்ம பேச்சில் போட்டுத் தருகிறேன். கிண்டல் மட்டும் அவளுடையது.

சண்டை ஒரு காசைப் பற்றி. வாடகைக் காசு அல்ல, பழைய பாரசீகத்தை ஆண்ட சாசானிய மன்னர்கள் காலத்து வெள்ளிக்காசு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு பக்கம் மன்னனின் தலை. மறுபக்கம் நெருப்பு மேடை, அதன் இருபுறமும் ஒவ்வொரு ஆள்.

"கோஹர், இவங்க ரெண்டு பேரும் நெருப்புக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறாங்களே?"

"யாரு, எங்க ஆளுங்களா? போங்க குடித்தனக்காரரே. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க."

பள்ளிப் புத்தகத்திலேயே இந்தக் காசைப் பார்த்து வளர்ந்தவள். நெருப்புக் கோயிலிலிருந்து வெளியே வரும்போதுகூட அவர்கள் நெருப்பைப் பார்த்தபடியேதான் பின்னோக்கி நடந்து வருவார்கள். முதுகு காட்டுவதாவது! ஆனால் குனிந்து பார்த்தாள். முதுகேதான். இத்தனை வருஷம் கண்ணெதிரே இருந்தது கண்ணில் படவில்லை. அன்றைக்கு மாடிக்குத் தேநீர் வரவில்லை.

பக்கத்திலேயே சற்றுப் பிந்திய காசு ஒன்று இருந்தது. அதே நெருப்பு, அதே இரண்டு பேர். ஆனால் திரும்பி நெருப்பைப் பார்த்து நிற்கிறார்கள்.

யார் திருப்பியது? மன்னர் மாறினார், எண்ணம் மாறியது என்று அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், சரியாகத்தான் இருக்கும். எனக்கு அந்த உளியைப் பிடித்த கை வேண்டும். அது கிடைக்காது. ஆகவே நானே உண்டாக்கப் போகிறேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. வரலாறு என்று யாரிடமும் சொல்லி என்னை மாட்டிவிடாதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: பார்ஸ் நாட்டு மலைகளின்மேல் பேரரசின் சூரியன் எழுந்தபோது

வேண்டாம். சூரியனை வைத்துத் தொடங்குகிறவனை நம்பக்கூடாது.

இரண்டாவது: சேர நாட்டு மிளகு வணிகன் ஒருவன் அந்த நாணயச்சாலை வாசலில்

இதைக் கோஹருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க ஊர்க்காரர் ஒருத்தரை எங்கயாவது நுழைச்சிடணும், இல்ல?" வணிகனை மிளகு மூட்டையோடு வந்த வழியே அனுப்பிவிட்டேன். பாவம், நல்ல மனிதன்.

மூன்றாவது: விந்தாத் வாயைத் துணியால் கட்டிக்கொண்டான்.

இது நிற்கும். நெருப்பின் மேல் மூச்சுப் படக்கூடாது என்று பூசாரிகள்தான் வாயைக் கட்டுவார்கள். விந்தாத் பூசாரி அல்ல, நாணயச்சாலையில் அச்சு வெட்டுகிறவன். ஆனாலும் முதன்முதலாக இரும்பில் நெருப்பை வெட்டிய நாளில் அவனும் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, இரும்பு நெருப்புக்குச் சளி பிடிச்சிடுமா?" என்று கேட்டான் தியோன். அச்சின்மேல் சம்மட்டி அடிப்பவன் அவன். ரோமர்களோடு நடந்த போரில் அந்தியோக்கியாவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே தொப்பை போட்டவன்.

"உனக்கென்னடா தெரியும்? சம்மட்டியை ஆட்டு, வாயை ஆட்டாதே."

விந்தாத்துக்குக் கர்வம் அதிகம். இருக்காதா? அந்த நாட்டில் ஒவ்வொரு மன்னருக்கும் தனிக் கிரீடம். ஒருவருடையதை இன்னொருவர் வைத்துக்கொள்ள மாட்டார். குடிமக்களில் பாதிப்பேர் மன்னரைக் கண்டதே இல்லை. காசில் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். "அவங்க கும்பிடுற முகம் என் உளியில இருந்து வந்தது" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிவான். எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. இவ்வளவு பெருமைக்காரனைக் கதையில் வைத்தால் கடைசியில் மட்டம் தட்டத் தோன்றும். தட்டப்போவதில்லை என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

3

பழைய மன்னர் காலமானார். புதியவர் முடி சூடினார். உத்தரவு வந்தது: முன்பக்கம் புதுக் கிரீடம், பின்பக்கம் பழையபடியே. நவ்ரோஸ் என்னும் புத்தாண்டுத் திருநாளுக்கு மன்னர் படைவீரர்களுக்குக் கொடுக்கும் காசு. வாசலில் கோவேறு கழுதைகள் காத்திருந்தன.

அதுவரை விந்தாத் கிரீடப் பக்கத்தை மட்டுமே வெட்டிவந்தான். நெருப்புப் பக்கத்துப் பழைய அச்சு தேய்ந்துபோயிருந்தது, அதை வெட்டியவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் இரண்டும் இவன் தலையில் விழுந்தன.

"பழைய காசு ஒண்ணு எடுத்துத் தரட்டுமா, பார்த்து வெட்ட?" என்றான் தியோன்.

"பொறந்ததுல இருந்து பார்க்கிறேன். இதுக்கும் ஒரு பார்வையா?"

(இங்கேதான் கதை இருக்கிறது. கோஹருக்கு நேர்ந்ததே இவனுக்கும் நேர்ந்தது. கண் பார்த்ததை அவன் வெட்டவில்லை, மனம் அறிந்ததை வெட்டினான். நெருப்பருகே மனிதன் எப்படி நிற்பான்? நெருப்பைப் பார்த்துத்தான். அவர்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.)

காசு அடித்தார்கள். நாணயச்சாலைத் தலைவர் அபுர்சாம் ஒன்றை எடுத்துப் பார்த்து, கிரீடம் அழகு என்றார். பூசாரி பார்த்தார், தலையாட்டினார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லாரும் நெருப்பைத் தொழுகிறவர்கள் அல்லவா!

மூட்டைகளைக் கட்டும்போது தியோன் தன் இடுப்பு முடிச்சிலிருந்த பழைய காசைப் புதுக்காசின் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இதுல ரெண்டு பேரும் வெளிய பார்த்துட்டு நிக்கிறாங்க. உங்களோடதுல உள்ள பார்க்கிறாங்க."

"உளறாதே."

"நான் வெளியூர்க்காரன், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

விந்தாத் இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தான். தியோன் சொன்னது சரி.

4

தண்டனை என்ன? முதல் வரைவில் கையை வெட்டுவார்கள் என்று எழுதியிருந்தேன். கோஹர் கொதித்துவிட்டாள். "அப்படி ஒரு வழக்கம் இருந்துச்சுன்னு எங்க படிச்சீங்க?"

"எங்கயும் இல்ல. கதைக்கு விறுவிறுப்பா இருக்கும்னு..."

"எங்க ஆளுங்களைக் கசாப்புக்காரங்களா ஆக்கித்தான் விறுவிறுப்பு வரணுமா? அவன் கை இருக்கட்டும். உளியைப் பிடுங்குங்க. கர்வக்காரனுக்கு அது போதும்."

சரிதான். கை பிழைத்தது. உளி போகும், இனி மன்னர் முகத்தை அவன் வெட்ட முடியாது. அவனுக்கு அது உயிர் போவதற்குச் சமம்.

விஷயம் காதில் விழுந்து அபுர்சாம் ஓடிவந்தார். கோபக்காரர் இல்லை, பயந்தவர்.

"யாரைக் கேட்டுடா திருப்பினே?"

"திருப்பலைங்க ஐயா. இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"அவங்க காவல்காரங்கடா! காவல் நிக்கிறவன் வெளியதான் பார்ப்பான். உள்ளயே பார்த்துட்டு நின்னா எதிரி வர்றது எப்படித் தெரியும்?"

(இந்தப் பதில் எனக்கே பிடித்திருக்கிறது. அவர் சொல்வதுதான் நியாயமோ என்றுகூடத் தோன்றியது. கதையை இங்கேயே கிழித்துப்போட்டுவிட்டு)

இல்லை, கிழிக்கவில்லை.

அபுர்சாம் குரலைத் தாழ்த்தினார். "கேளு. நெருப்பு முன்னாடி நின்னு 'தப்புப் பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. அச்சை உடைச்சிடுவோம், காசை உருக்கிடுவோம். நாலு நாள் தாமதம்னு நான் சொல்லிக்கிறேன். உன் உளி உன்கிட்டயே இருக்கும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லாம என்ன பண்ணப்போறே? வீம்பு பிடிக்காதே. வா."

5

நாணயச்சாலை முற்றத்தில் சிறிய நெருப்பறை ஒன்று இருந்தது. இருவரும் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். தியோனுக்கு அங்கே அனுமதி இல்லை. அவன் வெளியே மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

விந்தாத் நெருப்பைப் பார்த்தான். ஒரு வார்த்தை. சொன்னால் உளி மிஞ்சும். ஆனால் அந்த நெருப்பின்முன் பொய் சொல்லக்கூடாது. தெரியாமல் செய்தது உண்மை. தப்பா?

"தெரியாமத்தான் செஞ்சேன்" என்றான்.

"சரி. மேலே சொல்லு."

"ஆனா தப்புப் பண்ணலை."

"டேய்!"

"ஐயா, தெரிஞ்சு வெட்டியிருந்தா நானும் பழசைப் பார்த்துத்தான் வெட்டியிருப்பேன். யோசிக்காம வெட்டுனதாலதான் உண்மை வந்திருக்கு. உளியை எடுத்துக்கோங்க. இந்தக் காசு தப்புன்னு மட்டும் என் வாயால வராது."

அதை நெருப்பைப் பார்த்தே சொன்னான். அவனை எழுதிய எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. நான் பெற்ற பிள்ளை என்றுகூடச் சொல்லிக்கொள்வேன்.

அபுர்சாம் தலையில் அடித்துக்கொண்டார். "பேசிப் பிரயோசனம் இல்லை. அச்சை உடைக்கச் சொல்றேன்." சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார். ஓர் அடி. இன்னோர் அடி. கண் நெருப்பின்மேல். கால் வாசலைத் தேடிப் பின்னால் போயிற்று.

"ஐயா" என்றான் விந்தாத். "இவ்வளவு அவசரத்துலயும் ஏன் பின்னாடி நடக்குறீங்க?"

அபுர்சாம் படியில் குதிகால் தட்டி நின்றார்.

6

முடிவு, ஒன்று: அச்சை உடைத்தார்கள். காசு உருகியது. விந்தாத் ஊருக்குப் போய்க் குதிரைக்கு லாடம் அடித்தான், அதையும் கர்வமாகவே அடித்தான். பின்னொரு நாள் வேறொருவன் வேறோர் அச்சில்

முடிவு, இரண்டு: அபுர்சாம் மூட்டைகளுக்கு முத்திரை போட்டார். திருநாளன்று வீரர்கள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போதும் இப்படித்தானே இருந்தது என்று

இரண்டையும் கோஹரிடம் காட்டினேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு அவளே தேநீர் ஊற்றி எனக்கு நகர்த்தினாள்.

"ரெண்டையும் அடிச்சிடுங்க" என்றாள். "அவரை அந்தப் படியிலயே நிறுத்துங்க. இது உங்க முடிவு இல்ல."

"உன்னோடதா?"

"என்னைக் கேட்டா உடனே முத்திரை போட்டுடுவேன். நான் இதுல கட்சிக்காரி. படிக்கிறவங்ககிட்ட விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். அபுர்சாம் படியில் நிற்கிறார். உள்ளே நெருப்பும், தலை குனியாத ஒருவனும். அவருடைய முதுகுக்குப் பின்னால் மூட்டைகள், முத்திரைக்குக் குழைத்த களிமண், கிளம்பத் துடிக்கும் கழுதைகள். தியோன் எழுந்து நின்று கேட்கிறான்: "ஐயா, கட்டவா, கொட்டவா?" களிமண் காய்கிறது.

பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆனால் தியோனுக்குப் பதில் சொல்வதற்காக நெருப்புக்கு முதுகைத் திருப்பிவிடாதீர்கள். விந்தாத் பார்த்துக்கொண்டிருக்கிறான்.