பதிலளித்தவர் ஊ

செவ்வந்திக்குத் தன்னைப்பற்றி ஒரே ஒரு விஷயத்தில்தான் பெருமை. அவள் கைபட்ட பத்திரிகை எதிலும் யாருடைய பெயரும் விட்டுப்போனதில்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது பொன்னுரங்கத்தின் கடை. கல்யாணப் பத்திரிகை, பேனர், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த செவ்வந்தி, சித்தி வீட்டில் தங்கி அங்கே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஆட்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு உயிர் போகும். "இருங்க" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கடையில் காலத்தை ஓட்டிவிட்டாள். யாராவது கூடுதலாக ஏதாவது கேட்டால் கணினிக்குப் பின்னால் குனிந்து இல்லாத ஒயரைத் தேடுவாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. தட்டச்சு செய்தவர் அப்போது இருந்த வேறு ஆள். அந்த மாமன் மடியில் குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று மண்டபத்திலிருந்து கிளம்பிவிட்டார். காது குத்தாமல் குழந்தை வீடு திரும்பியது. பொன்னுரங்கம் பழத்தட்டோடு அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, கடைக்கு ஒரு சட்டம் போட்டார்.

"இந்தா பாரு செவ்வந்தி, மேட்டர்ல பேரு இல்லாம ஒரு இடம் இருந்துச்சுன்னா அது கடைய வுட்டு வெளிய போவக்கூடாது. இடம் பத்தலன்னா எழுத்தச் சின்னதாக்கு. பேர மட்டும் வெட்டாத."

இந்தச் சட்டத்தைச் செவ்வந்தி பள்ளிப் பாடங்கள் எதையும் மனப்பாடம் செய்யாத அளவுக்கு மனப்பாடம் செய்தாள்.

அவளுடைய மாமன் மகள் குஞ்சம்மாள் கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படித்தாள். அந்தக் கல்லூரி, மாணவர்களே எழுதும் ஆய்விதழ் ஒன்றை நடத்தியது. அதற்காகத் தங்கள் ஊரில் படிப்பை நிறுத்திய பெண்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள் குஞ்சம்மாள். செவ்வந்தியும் படிப்பை நிறுத்தியவள்தானே? ஒருநாள் பரோட்டாக் கடையில் உட்காரவைத்து அவளிடமும் கேட்டாள்.

"நெசத்தச் சொல்லு. உன் பேரு வராது."

பாவம், இதழில் இடம் பத்தாதுபோலிருக்கிறது என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள்.

கட்டுரை அனுப்பக் கடைசி நாளன்று மதியம் குஞ்சம்மாள் கையெழுத்துப் பிரதியோடு கடைக்குள் ஓடிவந்தாள். "வெள்ளிமலை பஸ்ஸு கெளம்பப்போவுது. அம்மாவுக்கு ஜொரம், நான் மேல போறேன். இத அடிச்சு சாயங்காலத்துக்குள்ள இந்த மெயிலுக்கு அனுப்பிடுடி. இருக்கறத இருக்கறபடி அடி, இன்னா?"

செவ்வந்தி தலையாட்டினாள். குஞ்சம்மாள் பேருந்து ஏறினாள். ஊர் போய்ச் சேர்ந்தால் அங்கே செல்போன் எடுக்காது.

தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் செவ்வந்தி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். 'பதிலளித்தவர் அ', 'பதிலளித்தவர் ஆ', 'பதிலளித்தவர் இ'. எல்லா இடத்திலும் பெயர் காலி! வழக்கமாகப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் இப்படித்தான் 'மாமா 1, மாமா 2' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெயரை அப்புறம் சொல்கிறோம் என்று போவார்கள். குஞ்சம்மாள் அவசரத்தில் மறந்துவிட்டாள். நல்லவேளை, கட்டுரை நம் கையில் கிடைத்தது.

யார் யாரென்று கண்டுபிடிப்பதில் அவளுக்குச் சிரமமே இல்லை. சொந்த ஊர்க் கதைதானே. ஆடு மேய்க்க நின்றவள் பச்சையம்மாளின் பேத்தி. பதினெட்டு ஆவதற்குள் மாமன் மகனுக்குக் கட்டிவைக்கப்பட்டவள் இருசம்மாள். ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயரின் முதலெழுத்து, கல்யாணமானவர்களுக்குத் 'திருமதி', கூடவே கணவன் பெயர் என்று கடை வழக்கப்படி சீராகப் போட்டாள். கடைசியில் 'பதிலளித்தவர் ஊ' வந்தது. அது அவள்தான்.

ஊரெல்லாம் எத்தனையோ பெயர்களை அச்சில் ஏற்றியிருக்கிறாள். 'அ. செவ்வந்தி' என்று ஒருமுறைகூட அடித்ததில்லை. அடித்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. கொட்டை எழுத்தாக்கினாள். இன்னும் அழகாக இருந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. வேண்டியவர்கள் பெயரை எந்தப் பத்திரிகையில் கடைசியில் போடுகிறார்கள்? அந்தப் பத்தியை அப்படியே தூக்கி முதல் பக்கத்தில் வைத்தாள். பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் படித்ததாக நினைவில்லை. பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, தன்னைத்தானே மெச்சிக்கொண்டு தேநீர் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலை குஞ்சம்மாள் வந்தாள். செவ்வந்தி பிரதியை நீட்டிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

"இன்னாடி இது?" குஞ்சம்மாள் பக்கங்களை வேகமாகத் திருப்பினாள். "யாருடி பேரு போடச் சொன்னது?"

"நீ வுட்டுட்ட. நான் போட்டேன்."

"வுடலடி! மறச்சேன்! பேரு வெளிய வராதுன்னு சத்தியம் பண்ணித்தான் அவங்க வாயத் தெறந்தாங்க. இருசம்மா சின்ன வயசுல கல்யாணம் பண்ணத, புருசன் பேரோட போட்டு வெச்சிருக்கியே. இதப் படிச்சுட்டு யாராவது போலீசுக்குப் போன் போட்டா, அவள இட்டுக்கினு போயிடுவாங்க, அவனப் புடிச்சு உள்ள வெச்சுடுவாங்க. கைக்கொழந்தடி அவளுக்கு!"

செவ்வந்தி ஒயரைத் தேடக் குனிந்தாள். குஞ்சம்மாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். பின்னாலிருந்து பொன்னுரங்கம் கத்தினார். "யம்மா, எங்க போறீங்க? பேனர் மேட்டர் நிக்குது!"

"உங்க சட்டத்தால வந்த வினைண்ணே!" என்றாள் குஞ்சம்மாள்.

இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போனார்கள். இருசம்மாளின் கல்யாணத்தன்று அவளுக்குப் பூ வைத்துவிட்டதே செவ்வந்திதான். இப்போது ஒரு பாவமும் அறியாத அவளை, எழுத்துப்பிழை இல்லாமல், முதலெழுத்தோடு காட்டிக்கொடுத்தாயிற்று. இதைப் பகைவன்கூட இத்தனை சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

கல்லூரி வாசலுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல்தடவை. இப்படியா நுழைய வேண்டும்?

ஆய்விதழைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியர் நாராயணசாமியின் மேசையில் தாள்கள் குவிந்திருந்தன. மேலாகவே இருந்தது அவர்களுடையது. தூரத்திலிருந்தே 'அ. செவ்வந்தி' தெரிந்தது. அவ்வளவு கொட்டை எழுத்து.

"சார், அந்தக் கட்டுர... மாத்தி அனுப்பிட்டோம் சார்," என்றாள் குஞ்சம்மாள். "முழுசாப் படிச்சீங்களா சார்?"

"எங்கம்மா படிக்கிறது? மொதல் பக்கத்துலயே ஒரு பொண்ணோட பேரு, இனிஷியலோட. தகவல் கொடுத்தவங்க பேரு இருந்தா மேற்கொண்டு படிக்காம திருப்பணும்னு நான்தான் விதி எழுதியிருக்கேன். அத்தோட நிறுத்திட்டேன். பிரிச்சு வேற யாருக்கும் கொடுக்கல."

குஞ்சம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருசம்மாள் இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

செவ்வந்திக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அவள் தன் பெயரைத் தூக்கி முன்னால் வைக்காமல் இருந்திருந்தால், வரிசைப்படி முதல் பக்கத்தில் இருசம்மாளின் பெயர்தான் வந்திருக்கும். அப்படியென்றால் இருசம்மாளைக் காப்பாற்றியது அவளுடைய புத்தி அல்ல, பவிசு. இதை வெளியே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் முடியாது.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஆனா அந்த ஒரு பக்கத்தப் படிச்சிட்டேன். வகுப்புல எழுந்து நின்னு பாடத்த வாய்விட்டுப் படிக்கச் சொன்னாங்களாம். வாய் வரலியாம். மறுநாள்லேர்ந்து அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கே போகல. வீட்டுல மட்டும் ஹெட்மாஸ்டர் வெளிய அனுப்பிட்டாருன்னு சொல்லியிருக்கு. யாரும்மா இந்தச் செவ்வந்தி?"

குஞ்சம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள்.

செவ்வந்தியின் வாய், பள்ளியில் அன்றைக்கு நின்றதுபோலவே நின்றது. பேராசிரியர் காத்திருந்தார். இங்கே குனிந்து தேட ஒயரும் இல்லை.

"அது... டைப்பிங் மிஸ்டேக்குங்க சார்," என்றாள்.

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க மெனக்கெட்டது தெரிந்தது. "சரி. பன்னெண்டு மணிக்குள்ள மிஸ்டேக்கெல்லாம் எடுத்துட்டுக் கொடுங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காருங்க. ஆனா அந்த மிஸ்டேக் சொன்ன பதில மட்டும் எடுக்காதீங்க. கட்டுரையிலயே அதான் உசுரா இருக்கு."

துறையின் பழைய கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அழித்தாள். இருசம்மாளின் பெயரையும், அவள் கணவன் பெயரையும், 'திருமதி'யையும் முதலில் அழித்தாள். கடைசியாக மிஞ்சியது கொட்டை எழுத்து. அதை அழிப்பதற்கு மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது என்பதை அவள் குஞ்சம்மாளிடம் சொல்லவில்லை. மறுபடியும் 'ஊ' ஆகி, மறுபடியும் கடைசிக்குப் போனாள்.

கட்டுரை ஏற்கப்பட்டு இதழ் வந்ததும், குஞ்சம்மாள் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போனாள். செவ்வந்தியும் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தாள். எல்லோரும் உட்கார்ந்திருக்க, குஞ்சம்மாள் படித்துக் காட்டினாள். இருசம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தன் கதையை யாருடையதோபோல உச்சுக் கொட்டிக் கேட்டாள். 'ஊ' வந்ததும் செவ்வந்தியின் அப்பா அம்மாசி நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளை வெளியே அனுப்பியதாகச் சொல்லி அந்தத் தலைமையாசிரியரிடம் மலையேறி மலையிறங்கிச் சண்டை போட்டுவிட்டு வந்தவர் அவர். இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"யாருடா அது, எந்தூருப் பொண்ணு?" என்றார். "படிக்கச் சொன்னதுக்கா பள்ளிக்கூடத்த வுட்டுட்டு ஓடியாருவாங்க? லூசா இருக்கும்போலக்குது."

குஞ்சம்மாள் இதழால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஆமாம்ப்பா," என்றாள் செவ்வந்தி. "சுத்த லூசு."