நாலாவது மூலை

மின்னல் என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தவள் அவளுடைய அண்ணிதான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அப்படி ஒரு வேகம். நாத்தனாரும் அண்ணியுமாக வீட்டு முன்னறையில் பஞ்சுப் போர்வை தைத்துக் கொடுத்து வந்தார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் மெல்லிய பருத்தி. மூன்றையும் சேர்த்துத் தைத்தபின் நான்கு பக்கமும் ஓரப்பட்டி வைத்தால்தான் போர்வை முடியும். பட்டியை முன்பக்கத்தில் மின்னல் மெஷினில் ஓட்டுவாள். அண்ணி அதைப் பின்பக்கம் மடித்து, கையால் எம்மிங் தையல் போடுவாள்.

அன்று அண்ணிக்கு ஆள்காட்டி விரலில் நகச்சுத்து.

"ஊசியைத் தொட்டாலே உயிர் போகுது. ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கட்டும்."

ஆனால் கணக்கு டீச்சர் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவர் மகளுக்குப் பிறந்த குழந்தைக்கான போர்வை அது.

"குளிர் ஆரம்பிச்சிடுச்சும்மா. இன்னிக்கே வேணும்."

"பின்பக்கத்தையும் மெஷின்லயே ஓட்டித் தரேன் டீச்சர். பத்து நிமிஷம்."

"இவ பத்துன்னு சொன்னா கடிகாரமே பயந்து ஓடும்" என்றாள் அண்ணி.

மூன்று மூலைகள் ஒழுங்காகத் திரும்பின. நாலாவது மூலையில் மடிப்பின் மேல் மடிப்பு விழுந்து துணி கட்டையாகத் தடித்திருந்தது. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக் கடந்திருக்க வேண்டும். மின்னல் ஓங்கி மிதித்தாள். 'டக்'கென்று ஒரு சத்தம்.

"என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர், ஊசி உடைஞ்சிடுச்சு."

கண்ணில் பட்ட துண்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள். புது ஊசி மாட்டி, விட்ட இடத்திலிருந்து ஓட்டி முடித்தாள். டீச்சர் போர்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் அண்ணி மேசையைத் துடைக்கும்போதுதான் அந்தத் துண்டுகளைப் பார்த்தாள்.

"ரெண்டுதானே இருக்கு. முனை எங்கே?"

முழு ஊசி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து, துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு அரிசி நீளம் குறைந்தது. மின்னல் தரையில் காந்தத்தை வைத்துத் தேய்த்தாள். மெஷினைக் கவிழ்த்து உதறினாள். நூல் பிசிறும் குண்டூசியும் வந்தன, முனை வரவில்லை. அவள் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். "அப்போ போர்வைக்குள்ளதான்" என்றாள் அண்ணி.

டீச்சருக்கு மூன்று தடவை போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்துப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. மாடிவீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து குழந்தை வீல் வீல்னு கத்துச்சுங்க. என்ன பண்ணியும் அடங்கல. இப்பதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க."

அண்ணி மின்னலின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

"அண்ணி, வேற ஏதாவது காரணமா இருந்தா? நாமளே போய் வாயக் கொடுத்து மாட்டிக்கணுமா?"

"ஊசி உள்ள போயிருந்தா?"

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

குழந்தை டாக்டரின் அறைக்கதவு திறந்தே இருந்தது. மேசையில் பிள்ளை முகம் சிவந்து அலறிக்கொண்டிருந்தது. காதையும் தொண்டையையும் பார்த்தாயிற்று, வயிற்று வலியாக இருக்கும் என்று டாக்டரம்மா மருந்து எழுதிக்கொண்டிருந்தார். போர்வை தாயின் தோளில் கிடந்தது. அண்ணி வாயைத் திறப்பதற்குள் அவளே உள்ளே போய்விட்டாள்.

"டாக்டர், அந்தப் போர்வைக்குள்ள ஒரு ஊசி முனை இருக்கு. நான் தைக்கும்போது உடைஞ்சது. குழந்தைய குத்தியிருக்கலாம்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகள் போர்வையை உருவித் தரையில் எறிந்தாள்.

"தெரிஞ்சேவா கொடுத்தீங்க? தெரிஞ்சேவா?"

"சத்தியமா இப்பதான் தெரியும்மா..."

"அதை அப்புறம் பேசுங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரு துணி விடாம கழட்டுங்க. உடம்பு முழுக்கப் பார்க்கணும்."

சட்டை, உள்சட்டை எல்லாம் வந்தன. கழுத்து, முதுகு, தொடை என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். எங்கும் குத்தின தடம் இல்லை. கடைசியாகக் காலுறை. வலது காலில் ஒன்றுமில்லை. இடது காலுறையை இழுத்ததும் தாய் ஐயோ என்று கத்தினாள். இரண்டாவது விரல் நாவல்பழம் மாதிரி கறுத்து வீங்கியிருந்தது.

மின்னல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊசி இல்ல" என்றது டாக்டரின் குரல். "முடி. விரல் அடியில மூணு சுத்து சுத்தியிருக்கு. அம்மாவுக்கு முடி கொட்டுதா? காலுறைக்குள்ள எப்படியோ போயிருக்கு."

பூதக்கண்ணாடி வந்தது, சின்னக் கத்திரி வந்தது. முடியை அறுத்து உருவியதும் குழந்தை இரண்டு தடவை விக்கியது. பிறகு அழுகை மெல்லத் தணிந்தது. விரலின் நிறம் மாறுகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"இவங்க வந்து சொல்லலேன்னா காலுறையைக் கழட்டிப் பார்த்திருக்கவே மாட்டேன்" என்றார் டாக்டரம்மா, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா விரல் போயிருக்கும்."

எக்ஸ்ரே படமும் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தையின் உடம்பில் ஊசி இல்லை.

தரையில் கிடந்த போர்வையை அண்ணி எடுத்து, நாலாவது மூலையை அழுத்திப் பார்த்தாள். சுருக்கென்றது. பட்டியைப் பல்லால் பிரித்து, முனையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது துணியைத் துளைத்து வெளியே வர நூலளவுதான் பாக்கி இருந்திருக்கிறது.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்னைத் திட்டவா, உனக்கு நன்றி சொல்லவா? எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார்.

"அந்தப் போர்வையைக் கொண்டுபோகச் சொல்லும்மா" என்றாள் மகள், முகத்தைத் திருப்பாமலே.

வெளியே வந்ததும் மின்னல் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொல்லாம விட்டிருந்தா அண்ணி?"

அண்ணி அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் மின்னல் மெஷின் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் காலை கணக்கு டீச்சர் பள்ளிக்கூடம் போகிற வழியில் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"விரல் நிறம் வந்திடுச்சு. நல்லா ஆட்டுறான்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.