சமையலறை வழியாகப் போகும் மலைப்பாதை

உச்சிக்குப் போகும் மலைப்பாதை ஒரு திங்கட்கிழமை காலையில் இடம் மாறி, பெயிண்டர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்பை உரசிக்கொண்டு பின்கதவு வழியாக மலையேறியது. நடக்க வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு சமையலறையைக் கடந்தார்கள். பெயிண்டர் மனைவி விளக்குமாறும் கையுமாக நின்று, "இந்தப் பாதைக்கு ஊர்ல வேற வீடே கிடைக்கலையா?" என்று அலுத்துக்கொண்டாள். காரணம் பெயிண்டருக்குத் தெரியும்.

பாதையோரப் பாறைகளில் வெள்ளைக் கோடு போடுவது அவர் வேலை. கோடு இருக்கிற பக்கம் நடக்கவேண்டும், அவ்வளவுதான். முந்தின வருஷ மழையில், பாதை பிரியும் இடத்தில் கோடு போடவேண்டிய வலப்பக்கப் பாறை நனைந்து கிடந்தது; பெயிண்ட் ஒட்டவில்லை. மேஸ்திரியோ மலையேறச் சோம்பி, கீழே நின்று தூரக்கண்ணாடியில் பார்க்கிற ஆள். கோடு தெரிந்தால் போதும் என்று காய்ந்திருந்த இடப்பக்கப் பாறையில் இழுத்துவிட்டு, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டார். நாளைக்கு ஜலதோஷம். மறுநாள் மச்சான் வந்துவிட்டான். அதற்குள் கீழ்த்தெரு டெய்லர் இடப்பக்கம் போய், திரும்பி வரவில்லை.

ஊரே தேடக் கிளம்பியது. பெயிண்டர் முந்திக்கொண்டு ஓடி, அந்தக் கோட்டைச் சுரண்டிவிட்டு வலப்பக்கம் போட்டார். தேடியவர்கள் கோட்டை நம்பி வலப்பக்கமே தேடினார்கள். போட்டதுகூடச் சோம்பேறித்தனம், சுரண்டியதுதான் பாவம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

டெய்லர் மனைவி வருஷாவருஷம் தேடிப் போவாள். இப்போது பாதை சமையலறை வழியாயிற்றே. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எந்தப் பக்கம் போனாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்ண்ணே" என்பாள். அவர் அடுப்பைத் தூண்டிவிடுவதுபோல் குனிந்துகொள்வார். அப்படியே தலை நரைத்தது. ஒரு வருஷம் குனிய முடியவில்லை.

"இடப்பக்கம்மா. நான்தான் தப்பா கோடு போட்டேன். நீங்க தேடறதுக்குள்ள நான்தான் சுரண்டினேன்."

அவள் பாதி குடித்த சொம்பை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். டெய்லர் இடப்பக்கச் சரிவிலேயே கிடைத்தார். எலும்புதான். இஞ்ச் டேப் மட்டும் கழுத்தில் அப்படியே கிடந்தது.

உண்மை வெளிவந்ததும் பாதை பழைய இடத்துக்கே போய்விடும் என்று ஊர் நினைத்தது. போகவில்லை. பெயிண்டர் மனைவி அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றிக்கொண்டாள். டெய்லர் மனைவி இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சரிவுக்குப் போகிறாள். வேறு வழி கிடையாது. பெயிண்டர் பின்கதவைத் திறந்து, சொம்பில் தண்ணீரோடு நிற்கிறார். அவள் வாங்குவதில்லை.