சீ வரும் வாசல்

திருநெல்வேலி மாநகரத்துக்கும், தாமிரபரணியின் இரு கரைகளிலும் வாழும் சகல ஜனங்களுக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்: பேட்டைக்குப் போகிற வழியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் பூதலிங்கம் அவர்களின் இல்லம், இந்த ஆனி மாதம் முதல் விருந்தினரை வரவேற்கும் இல்லமாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது.

இந்த அறிவிப்பை அவர் எங்கும் ஒட்டவில்லை. மனசுக்குள் மட்டும், முத்திரையோடு, ஓடிக்கொண்டிருந்தது.

பதவியில் இருந்தவரை அவரைப் பார்க்க வராந்தாவில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். இப்போது பால்காரர்கூட முன்வாசல் இரும்பு அழிக்கதவில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே பாக்கெட்டைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார். அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அக்கா சண்முகசுந்தரி இந்தப் புது வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனவள், மூன்று வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. "அவன் வீட்டுல போயி நிக்கதுக்கு, சந்திப்பிள்ளையார் முக்குல நின்னா நாலு பேரு 'எப்ப வந்தீய'ன்னாவது கேப்பான்" என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னாளாம். அவருக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

குறை தன்னிடம் இருக்கலாம் என்று பூதலிங்கத்துக்குத் தோன்றவில்லை. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒருமுறைகூட அப்படித் தோன்றியதில்லை. ஆகவே குறை வீட்டில்தான். தேவதாசனுக்கு நேரம் குறித்துக் கொடுத்து, குறித்த நேரத்தில் தாமே வாசலில் நின்று உள்ளே அழைத்துப் போனார்.

தேவதாசன் பாளையங்கோட்டையில் மீன்தொட்டி விற்பவர். சென்னைக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்ததிலிருந்து பெங்சுயி என்கிற சீன வாஸ்துவில் நிபுணர். வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார்.

"வீடு நல்ல வீடுதான் சார். ஆனா சீ உள்ள வரலை."

"எது வரலை?"

"சீ. உயிர்ச்சக்தி. சீனாக்காரன் வச்ச பேரு. ஆத்துத் தண்ணி மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு வரும். அது வந்தாத்தான் பின்னாலயே மனுசன் வருவான்."

"பேரே ஒரு தினுசா இருக்கே" என்றாள் மனைவி சித்ரலேகா.

"நீ சும்மா இரி. இது சாஸ்திரம்."

சாஸ்திரப்படி சோபா திரும்பி உட்கார்ந்தது. கண்ணாடி இடம்பெயர்ந்தது. தொப்பையைக் காட்டிச் சிரிக்கும் புத்தர் ஒருவர் வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் முதலில் சிரித்தவர் அவர்தான். காலிங் பெல்லின் கர்ணகடூரச் சத்தம் சீயை விரட்டிவிடும் என்று அதைக் கழற்றிவிட்டு, குழல் குழலாகத் தொங்கும் காற்றுமணி ஒன்றை மாட்டினார் தேவதாசன்.

ஆனிக் காற்று செங்கோட்டைப் பக்கமிருந்து சாரலைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதம். காற்றுமணி ஓயவே இல்லை. முதல் இரண்டு நாள், யாரோ வந்திருக்கிறார்கள் என்று சித்ரலேகா ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடினாள். மூன்றாம் நாளிலிருந்து ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது. நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வருகிறாளாம். தேர் பார்த்துவிட்டுப் பதினோரு மணி சுமாருக்கு எட்டிப் பார்க்கிறாளாம். சீ வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று பூதலிங்கம் சித்ரலேகாவிடம் அறிவித்தார்.

தேரன்றைக்குச் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. விருந்தினர் வருவதற்கு முன், மூலைக்கு மூலை போய்க் கை தட்டி, முடங்கிக் கிடக்கும் காற்றை எழுப்பி, சீயைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். பூதலிங்கம் சலவைச் சட்டையில், பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தார். ஈசான மூலையில் கை தட்டி, "சீ... சீ..." என்றார். அக்கினி மூலையில் இன்னும் பலமாகத் தட்டி, "சீ... சீ..." வெளியே காற்றுமணி குலுங்கியது.

"என்னங்க, அம்பாசமுத்திரத்து மைனி குரல் மாதிரி கேக்கு" என்றாள் சித்ரலேகா அடுக்களையிலிருந்து.

"காத்துடி. கவனத்தைக் கலைக்காத. சீ... சீ..."

பன்னிரண்டரைக்கு போன் அடித்தது.

"ஏலே பூதலிங்கம், வீட்டுலதான் இருக்கியா?"

"இங்கனதான் இருக்கேன்க்கா. காலையில இருந்து உன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க நிக்கே?"

"நிக்கல. பஸ்ஸுல உக்காந்திருக்கேன். சேரன்மாதேவி தாண்டியாச்சு. உன் வீட்டு அழியில பை தொங்குது பாரு, நார்த்தங்கா ஊறுகா."

"வந்தியா? கூப்பிட்டிருக்கலாம்லா?"

"கூப்பிட்டேன். நீ கையத் தட்டி 'சீ, சீ'ன்னே. கோழிய வெரட்டுதானோன்னு மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் 'சீ'ன்னே. சரி, வயசான காலத்துல நமக்கெதுக்குன்னு திரும்பிட்டேன்."

"ஐயோ அக்கா, அது உன்ன இல்ல. சீனாக்காரன் சாஸ்திரம். சீன்னா உயிர்ச்சக்தி. அத வீட்டுக்குள்ள கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."



"வந்துட்டா அது?"

"வந்துட்டுக்கா."

"அப்ப அது ஒல்லியா இருக்கும் போல" என்றாள் சண்முகசுந்தரி. "சித்ராவக் கேட்டேன்னு சொல்லு."

பூதலிங்கம் அதற்கு அர்த்தம் யோசித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். தலைக்கு மேல் காற்றுமணி இனிமையாக ஒலித்தது. அழிக்கு வெளியே மஞ்சள் பை தொங்கியது. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு இழுத்தார். பை வந்தது, பாட்டில் வரவில்லை.

அழிக்கதவு எப்போதும்போல் பூட்டியிருந்தது.