முகம் பார்க்கும் இலாகா

முடி வெட்டுவது என் தொழில். போன மாதம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்துவிட்டேன். கை கால் சரியாக இருக்கிறது, வாய் முன்னைவிட நன்றாகவே வேலை செய்கிறது. முகங்கள் மட்டும் போய்விட்டன. மூக்கு தெரியும், கண் தெரியும், மீசை தெரியும். யாருடையது என்றுதான் தெரியாது.

"கண்ணுல ஒண்ணும் இல்லைங்க," என்றார் டாக்டர். "கண்ணு பார்க்கிறதெல்லாம் பின்மண்டைக்குப் போகுது. அங்க கோடு, ஓரமெல்லாம் பிரிச்சு, நிறத்தை ஒரு பக்கம், அசைவை ஒரு பக்கம் அனுப்பும். மூளைக்கு அடியில, வலது காதுக்குப் பின்னால, முகம் பார்க்கிறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு அடிபட்டது அங்கதான்."

இத்தனை இலாகா வைத்து என் மண்டைக்குள் ஒரு அரசாங்கமே நடந்திருக்கிறது, ஒரு பயலும் எனக்குச் சொல்லவில்லை.

கடையில் சமாளித்தேன். ஆளை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்மண்டையைப் பார்த்தால் போதும். சுழி, வழுக்கை, தழும்பு வைத்தே முந்நூறு பேரைச் சொல்லிவிடுவேன். வினை போன வாரம் வந்தது. வாசலில் ஒரு பெண் வந்து பேசாமல் நின்றாள். "இங்க ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா, பக்கத்துக் கடைக்குப் போங்க," என்றேன். கடையே கொல்லென்று சிரித்தது. அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தபோதுதான் அது எங்கள் வீட்டுப் பாத்திரம் என்று புரிந்தது.

அன்றே என் பொண்டாட்டி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கூப்பிடப் போனேன்.

மச்சினன் பொல்லாதவன். ஒரே அச்சாக இருக்கும் அக்காமார் மூன்று பேரையும் கழுத்துவரை போர்வை போர்த்திக் கூடத்தில் உட்காரவைத்திருந்தான்.

"யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. உங்க பொண்டாட்டியை நீங்களே கண்டுபிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க மாமா. இல்லேன்னா அக்கா இங்கயேதான்."

ப்பூ, இவ்வளவுதானா! "மூணு பேரும் திரும்பி உட்காருங்க," என்றேன் தெனாவட்டாக.

திரும்பினார்கள். பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன். முந்நூறு ஆண்களின் சுழி தெரிந்த எனக்கு, இருபத்தெட்டு வருஷமாக அடுப்படியில் முதுகு காட்டி நின்றவளின் தலை தெரியவில்லை. இதற்கு டாக்டர் சொன்ன எந்த இலாகாவும் பொறுப்பில்லை. அவமானமாக இருந்தது.

"தெரியலைடி," என்றேன்.

நடுப் போர்வை குலுங்கியது. "முகம் தெரிஞ்ச காலத்துல மட்டும் பார்த்துக் கிழிச்சிட்டீங்களாக்கும்," என்றாள், திரும்பாமலே. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கிட்ட வந்து பாருங்க."

போனேன். உச்சியில் இரண்டு சுழி இருந்தது.